சேதாரம் சுரங்கம் ஆகாது

நகைக்கடை ரசீதில் சேதாரம் என்று ஒரு வரி இருக்கும். செய்கூலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வரிக்கு நாமும் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டிவிட்டு வருகிறோம். சேதாரமான தங்கம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. அராவும்போது உதிர்ந்தது ஆசாரியின் பலகையடித் தட்டில் விழுந்தது. மெருகு போடும்போது பறந்தது தரையிலும் கைகழுவிய நீரிலும் சேர்ந்தது. பட்டறை கூட்டிய குப்பையை விலை பேசி வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். நகைப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பிறகும், நம் ஊர்ப் பட்டறைத் தரையில் தங்கச் சுரங்கம் இருக்கிறது, இனி வெளிநாட்டுத் தங்கம் வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. தங்கத்தைப் பற்றிச் சொல்லக் கூசுகிற அதே பேச்சைத்தான் இன்று அருமண் உலோகங்களைப் பற்றி மேடைபோட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஏப்ரல் 4ஆம் தேதி, ஏழு அருமண் உலோகங்களும் அவை சேர்ந்த காந்தங்களும் உரிமம் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று சீனா அறிவித்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். அதுவரை வேதியியல் பாடப் புத்தகத்தின் பின்னட்டையை விட்டு வெளியே வராத பெயர்கள். சில வாரங்களில் நம் வாகன ஆலைகள் காந்தத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அன்று தொட்டு கருத்தரங்கு, தலையங்கம், தொலைக்காட்சி விவாதம் எல்லாவற்றிலும் ஒரே மந்திரம்: ஆலைக் கழிவே நம் சுரங்கம்.

இந்த மந்திரம் ஓதும் கட்சியின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காந்தத்தை வெட்டும்போதும் சாணை பிடிக்கும்போதும் உதிரும் தூளில் எடைக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு அருமண் உலோகம். பெரும்பாலான சுரங்கங்களின் தாதுவில் அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. தாதுவில் நூற்றுக்கு ஒரு பங்கு டங்ஸ்டன் இருந்தாலே தோண்டலாம் என்பார்கள். தேய்ந்துபோன கார்பைடு வெட்டுமுனையில் பெரும்பாலும் எண்பது பங்குக்கு மேல் டங்ஸ்டன். கடற்கரை மணலின் மோனசைட் தாதுவில் ஒட்டிக்கொண்டு வரும் தோரியத் தொல்லை இதில் இல்லை. மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளுவதுபோல் ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். காடு அழியாது, மலை குடையப்படாது. பொருள் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, பிரித்தெடுத்தால் போதும். எந்த ஏற்றுமதித் தடையும் நம்மை ஒன்றும் செய்துவிட முடியாது.

இதில் சொல்லப்படும் எண்கள் எல்லாம் சரி. கூட்டல்தான் தவறு.

1. வாங்கியதைவிட அதிகமாக எப்படிக் கிடைக்கும்? ஓர் ஆலை 100 கிலோ காந்தக் கலப்புலோகம் வாங்குகிறது. வெட்டி, இழைத்து, அளவுக்குக் கொண்டுவருவதற்குள் 25 கிலோ தூளாகிவிடுகிறது. 75 கிலோ காந்தம் கதவைத் தாண்டி வெளியே போகிறது. அந்தத் தூளை ஒரு கிராம் நட்டமில்லாமல் மீட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம், உலகத்தில் எந்த ஆலையாலும் அது ஆகாது என்றாலும். அடுத்த சுற்றில் 25 கிலோ கையில் இருக்கிறது. 75 கிலோ வாங்க வேண்டும். அதற்கடுத்த சுற்றிலும் 75. நூறாவது சுற்றிலும் 75. வெளியே போகும் ஒவ்வொரு கிலோ காந்தத்துக்கும் ஒரு கிலோ புது உலோகம் உள்ளே வந்தாக வேண்டும். மீட்பு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் இந்தக் கணக்கைக் கீழே இறக்க முடியாது. அது செய்வதெல்லாம், 75 கிலோவுக்கு 100 கிலோ வாங்க வேண்டிய அவலத்தைத் தவிர்ப்பதுதான். நல்ல காரியம். ஒழுகும் குடத்துக்கு அடியில் பாத்திரம் வைப்பதும் நல்ல காரியம்தான். பாத்திரத்தில் சேர்ந்த தண்ணீரைக் காட்டி எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பெருமை பேச முடியாது.

இங்கே இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பதினைந்து ஆண்டு ஓடி நின்றுபோன மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் என்றோ வாங்கியது. பயன் முடிந்து திரும்பி வருகிறது. அதை மீட்டால் இன்றைய இறக்குமதி உண்மையிலேயே குறையும். ஆலைத் தரையில் நேற்று உதிர்ந்த தூள் நேற்று வாங்கியதன் ஒரு துண்டு. முன்னது சேமிப்பு, பின்னது சில்லறை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் வளக் குழு 2011இல் வெளியிட்ட உலோக மறுசுழற்சி அறிக்கை இந்த இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைத்தது. அப்படி வைத்ததால்தான் வெட்கப்பட வேண்டிய ஓர் எண் வெளியே வந்தது: ஆராய்ந்த 60 உலோகங்களில் 34 உலோகங்கள், பயன் முடிந்த பொருள்களிலிருந்து ஒரு விழுக்காடுகூடத் திரும்பி வருவதில்லை. அருமண் உலோகங்கள், இண்டியம், காலியம், ஜெர்மானியம் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். இந்த எண்ணைச் சொன்னால் கூட்டத்தில் கைதட்டு விழாது. ஆலைக் கழிவையும் சேர்த்துக் கலக்கிச் சொன்னால் விழும்.

2. மறுசுழற்சி விகிதம் உயர்ந்தால் நாடு முன்னேறுகிறது என்று யார் சொன்னது? இண்டியத்தைப் பாருங்கள். நம் கைப்பேசித் திரையில் விரல் பட்டதும் உணர்வது கண்ணாடி மேல் படிந்திருக்கும் இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு என்னும் ஒளி ஊடுருவும் பூச்சு. வெற்றிடக் கலத்துக்குள் ஒரு தகட்டை வைத்து, அதிலிருந்து அணுக்களைச் சிதறடித்துக் கண்ணாடியில் படியவைப்பார்கள். பழைய தட்டைத் தகட்டு முறையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடுதான் கண்ணாடிக்குப் போகும். மீதி தகட்டிலேயே நிற்கும், கலத்தின் சுவரில் ஒட்டும், சேறாகத் தேங்கும். ஜப்பானும் கொரியாவும் அதைக் கவனமாக அள்ளித் திரும்ப உலோகமாக்குகின்றன. உலகில் மறுசுழற்சி இண்டியம் என்று கணக்கில் வருவதன் பெரும்பகுதி இதுதான். உடைந்த கைப்பேசியிலிருந்து வந்ததல்ல.

இப்போது இரண்டு ஆலைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுமே கண்ணாடியில் 30 கிலோ பூசுகின்றன. முதல் ஆலை 100 கிலோ எடுத்து 30ஐப் பூசி 70ஐத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது, சுழலும் உருளைத் தகட்டுக்கு மாறிவிட்டது. 40 கிலோ எடுத்து 30ஐப் பூசி 10ஐத் திருப்புகிறது. மறுசுழற்சி விகிதம் முதலாவதில் 70, இரண்டாவதில் 25. ஒவ்வொரு மீட்பிலும் ஐந்து விழுக்காடு தொலைகிறது என்று கொண்டால் முதல் ஆலை மூன்றரை கிலோவை இழக்கிறது, இரண்டாவது அரைக் கிலோவை. பசுமை விருது யாருக்கு? நம் இப்போதைய அளவுகோலின்படி முதலாமவருக்கு. அதிகம் சிந்துகிறவனே அதிகம் அள்ளுகிறவன்; அதிகம் அள்ளுகிறவனுக்கே மாலை.

இது கற்பனைக் கவலை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரிச் சட்டத்தின்படி, 2031 ஆகஸ்ட் முதல் அங்கே விற்கும் மின்வாகன பேட்டரியில் கோபால்ட்டில் 16, லித்தியத்தில் 6, நிக்கலில் 6 விழுக்காடு மீட்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து மீட்டதும் சரி, பேட்டரி ஆலையின் கழிவிலிருந்து மீட்டதும் சரி, இரண்டும் ஒரே கணக்கில். அதே செயல்முறைக்குள் அப்படியே திரும்பப் போடக்கூடியதைக் கழிவு என்று காட்டக் கூடாது என்று சட்டம் வேலி போட்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் புதிதாகத் தொடங்கிய பேட்டரி ஆலையில் முதலிரண்டு ஆண்டுகள் முப்பது விழுக்காடு வரை கழிவாகப் போவதுண்டு. கைதேர்ந்தபின் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். அந்த முப்பதை நம்பிப் பக்கத்தில் ஒரு மீட்பு ஆலை கட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பேட்டரி ஆலைத் தொழிலாளி வேலை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள இவருக்குத் தீனி குறைகிறது. பக்கத்து ஆலை தடுமாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தொழிலை எப்படிச் சுரங்கம் என்பது?

3. அந்தச் சுரங்கம் எந்த ஊரில் இருக்கிறது? மற்ற எல்லா மறுப்புகளையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் கேட்டாலே போதும். நியோடிமியம் என்னும் அருமண் உலோகம் சேர்ந்த காந்தத்தை உருக்கி, பொடித்து, காந்தப் புலத்தில் அழுத்தி, சுட்டு, வெட்டி, இழைக்கும் வேலையின் மிகப் பெரும்பகுதி நடப்பது சீனாவில். நாம் வாங்குவது வெட்டி முடித்து நிக்கல் பூசிய காந்தம், அல்லது அதை உள்ளே வைத்து மூடிய மோட்டார். அந்தக் காந்தத்தின் சேதாரம் நிங்போவிலும் கான்சோவிலும் உதிர்ந்து, அங்கேயே அமிலத்தில் கரைந்து, அங்கேயே ஆக்சைடாகிவிட்டது. நம்மிடம் வந்து சேர்ந்தது சங்கிலி. பட்டறைக் குப்பை ஆசாரியின் வீட்டில். திரைக்கும் இதே கதை. திரைக் கண்ணாடியில் இண்டியம் பூசுகிற பெரிய ஆலை நம்மிடம் இல்லாதபோது கலத்தின் சுவரில் ஒட்டிய இண்டியம் மட்டும் நம்மிடம் எங்கிருந்து வரும்?

அருமண் காந்தம் பெரிய அளவில் செய்யாத நாட்டில் காந்தக் கழிவுச் சுரங்கம் என்று கருத்தரங்கு நடத்துவதைக் கேட்கையில் கல்யாணத்துக்கு முன்பே பேரனுக்குப் பெயர் தேடுகிற வீடு நினைவுக்கு வருகிறது. இனி மாறலாம். 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் ஆலைகளை இங்கே உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கால் பங்கு சேதாரம் என்று வைத்தால், 6,000 டன் காந்தத்துக்கு 8,000 டன் கலப்புலோகம் வேண்டும். 2,000 டன் தூள் மிஞ்சும். அப்போது இந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. ஆனால் அப்போதும் முதல் மறுப்பு நம்மைத் துரத்தும்: வெளியே போகும் 6,000 டன்னுக்கும் புது உலோகம் எங்கிருந்து?

4. நல்ல கழிவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நம் நாட்டில் உண்மையாகவே விழுகிற விலைமிகுந்த ஆலைக் கழிவு எது என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது கார்பைடு. கோவை கணபதியிலோ, ஓசூர் சிப்காட்டிலோ, அம்பத்தூரிலோ ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். தேய்ந்த கார்பைடு இன்சர்ட்டைக் குப்பையில் போட்டவரை நான் கண்டதில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருக்கும், அதில் விழும். டப்பா நிறைந்ததும் பழைய இரும்புக்காரர் வருவார். இரும்புச் சுருளுக்கு ஒரு விலை, எஸ்.எஸ்.சுக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை. கார்பைடுக்கு இரும்பைப்போல் பல மடங்கு. கழிவில் செல்வம் இருக்கிறது என்பதைத் தில்லி கண்டுபிடிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே காயலான் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கொள்கை ஆவணம் எதையும் அவர் படித்ததில்லை. தராசு போதுமாக இருந்தது.

அந்த இன்சர்ட் ஏன் இவ்வளவு எளிதாகத் திரும்பி வருகிறது? அது ஒரே பொருள், சுத்தமான பொருள். டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் என்னும் பசை பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் போட்டால் கோபால்ட் துத்தநாகத்தோடு சேர்ந்துகொள்ளும். கட்டி உப்பி உதிரும். துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்துவிட்டால் மிஞ்சுவது பொடிக்கத் தோதான பழைய சரக்கு. அதை மறுபடி அழுத்திச் சுட்டால் புது இன்சர்ட். இதற்கு மானியமும் வேண்டாம், முழக்கமும் வேண்டாம்.

இனி அதே பட்டறையில் கட்டர் சாணை பிடிக்கும் இயந்திரத்துக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. காலையில் ஹெச்.எஸ்.எஸ். டிரில் சாணை பிடித்தார்கள், மதியம் கார்பைடு எண்ட்மில், சாயங்காலம் யாரோ ஒருவரின் ஸ்டீல் துண்டு. கார்பைடுத் தூள், கோபால்ட், இரும்பு, வைரச் சக்கரத்தின் பொடி, கூலன்ட் எண்ணெய், தரையைக் கூட்டிய மண். எல்லாம் ஒரே டிரம்மில். இதிலும் டங்ஸ்டன் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் எண்ணெயை எரித்து, காரத்தில் கரைத்து, வடிகட்டி, உப்பாக்கி, மறுபடி உலோகப் பொடியாக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு வேதியியல் ஆலை வேண்டும். கழிவுநீருக்கு இன்னொன்று வேண்டும். கோபால்ட் கலந்த கார்பைடுத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் என்பது தொழில்முறை மருத்துவத்துக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. கொல்லைப்புறக் கூடாரத்தில் வைத்துச் செய்யக்கூடிய தொழில் இல்லை. செய்தால் யார் இருமப் போகிறார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

சுரங்கக் கட்சியின் கணக்கில் டப்பாவும் டிரம்மும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. டப்பா ஏற்கெனவே விற்றுப்போயிற்று. அதைக் காட்டிப் புது வளம் என்பது, அடுத்தவன் அறுத்த வயலுக்குப் பட்டா கேட்பதுபோல. டிரம்முக்குள் இருப்பதோ செல்வமாக இருந்து சேறானது. சேறாக்கியது இயற்கை இல்லை, நாம். இரண்டு சாணைக்கு இரண்டு தட்டு வைத்திருந்தால் அது சேறாகியிராது. விமானத் தொழிலில் இது இன்னும் கடுமை. டைட்டேனியம் பாகத்தைக் கடையும்போது விழும் சுருள், முடிந்த பாகத்தை விடப் பல மடங்கு எடை வருவதுண்டு. அந்தச் சுருளில் உடைந்த கார்பைடு முனையின் ஒரு சில்லு கலந்திருந்தாலும் இன்ஜினுக்குள் சுழலும் பாகத்துக்கு அது ஆகாது. கலந்துபோன சுருள் பெரும்பாலும் உருக்காலையில் ஃபெரோ-டைட்டேனியமாகக் கரைகிறது. பட்டுச் சேலையைக் கைப்பிடித் துணியாக்கினோம். அதற்கும் மறுசுழற்சி என்றே பெயர்.

கலந்ததைப் பிரிக்கும் கலையிலும் ஒரு மயக்கம் உண்டு. அரைப்பதை மீட்பது என்று எண்ணிக்கொள்கிறோம். நியோடிமியமும் பிரசியோடிமியமும் தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அயனியின் அளவிலும் நடத்தையிலும் மயிரிழை வேறுபாடு. அமிலக் கரைசலையும் கரிமக் கரைப்பானையும் தொட்டி தொட்டியாகக் கலக்கிப் பிரித்து, கலக்கிப் பிரித்து, நூற்றுக்கணக்கான படிகள் கடந்தால்தான் இரண்டும் தனித்தனியாகும். இது நமக்கு அறவே புதிதில்லை. ஆலுவாவில் 1952இலேயே மோனசைட்டைக் கையாளத் தொடங்கிவிட்டோம். அந்தத் தொட்டிகளை விரிவாக்குவதில் காட்டாத வேகத்தை அரைவை இயந்திரம் வாங்குவதில் காட்டினால் கிடைப்பது உலோகங்கள் பிரியாமல் கலந்தே கிடக்கும், ஏற்றுமதிக்குத் தயாரான கறுப்புப் பொடி. 2025 செப்டம்பரில் அறிவித்த 1,500 கோடி ரூபாய் மறுசுழற்சி ஊக்கத் திட்டத்தில் ஒரு நிபந்தனையை மனமாரப் பாராட்டுகிறேன்: கறுப்புப் பொடியோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு ஊக்கத்தொகை இல்லை, உலோகம் வரை போகிறவருக்கே. எழுதியவர் யாரோ தெரியாது, தொழில் தெரிந்தவர்.

5. விலை விழுந்தால் இந்தச் சுரங்கம் என்ன ஆகும்? மற்றச் சுரங்கங்களுக்கு ஆவதுதான். 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளையொட்டி ஜப்பானுக்கும் சீனாவுக்கும் மூண்ட தகராறில் அருமண் விலைகள் விண்ணுக்குப் போயின. ஐரோப்பாவில் உடனே மறுசுழற்சி அலை. பிரான்சின் லா ரோஷெல் நகரில் பழைய குழல்விளக்குகளின் ஒளிர்பொடியிலிருந்து அருமண் பிரிக்கும் பிரிவை 2012இல் தொடங்கினார்கள். பிரிக்கும் திறமை அங்கே பல பத்தாண்டுகளாக ஊறியது. தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. விலை தரைக்கு வந்தது. 2016இல் மூடிவிட்டார்கள். அதுவாவது பழம்பொருள், உண்மையான வருமானம். அதற்கே இந்தக் கதி.

காலியத்தைப் பாருங்கள். அலுமினா ஆலையில் சுற்றிக்கொண்டே இருக்கும் காரக் கரைசலில் அது தானாகச் சேரும், ஆலையின் பக்கவிளைவு. கஜகஸ்தான் 2013இலும் ஹங்கேரி 2015இலும் ஜெர்மனி 2016இலும் அதை எடுப்பதை நிறுத்தின. கரைசலில் காலியம் தீர்ந்துபோகவில்லை; மலிவான சீனச் சரக்குக்கு முன் நிற்க முடியவில்லை. 2023 ஆகஸ்ட் முதல் சீனா காலியத்துக்கும் ஜெர்மானியத்துக்கும் உரிமம் கேட்கத் தொடங்கியதும் எல்லோரும் மூடிய கதவுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்நாட்டுக் கழிவில் இருக்கிறது என்பதாலேயே விலைப்போரிலிருந்து தப்பிவிடலாம் என்பவர்கள் இந்த மூன்று ஆண்டெண்களையும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் தருவது யார், எத்தனை ஆண்டுக்கு? சுரங்க முழக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை.

6. ஜப்பானைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்துவிடுவோம். 2010இல் அடிபட்ட ஜப்பான், வன்தட்டுகளிலிருந்து காந்தம் கழற்றும் இயந்திரம் செய்தது உண்மை. ஆலைத் தூளைச் சிந்தாமல் அள்ளியதும் உண்மை. நம் ஊர்ப் பேச்சாளர் அத்துடன் படத்தை நிறுத்திவிடுகிறார். மறுபாதி என்ன? 2011இல் ஜப்பானின் அரசு அமைப்பும் ஒரு வணிக நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டன. மவுண்ட் வெல்டில் தோண்டி மலேசியாவின் குவாந்தானில் பிரிக்கும் ஏற்பாடு. லாபம் வராத ஆண்டுகளிலும் கையை விடவில்லை. 2025 மே மாதம் அதே குவாந்தானில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு பிரித்தெடுத்தார்கள். தோண்டினார்கள், பிரித்தார்கள், பொறுத்தார்கள்.

இன்னொரு பக்கம், வேண்டியதையே குறைத்தார்கள். காந்தம் முழுவதும் டிஸ்ப்ரோசியம் கலப்பதை விட்டு, சுட்ட காந்தத்தின் மணிகளுக்கிடையே உள்ள எல்லைகளில் மட்டும் அது ஊடுருவும்படி செய்தார்கள். 2016இல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அறவே இல்லாத காந்தத்தை ஒரு ஹைபிரிட் காரின் மோட்டாரில் பொருத்தின. ஜப்பானுக்கு வெளியே, ரீனியம் என்னும் உலோகத்திலும் இதே வழி. 2008இல் கிலோ பத்தாயிரம் டாலரைத் தாண்டிய அந்த உலோகத்தை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் விமான இன்ஜின் அலகுகளின் கலப்புலோகத்தில் மூன்று விழுக்காட்டிலிருந்து ஒன்றரைக்கு இறக்கியது. சுருளையும் பொறுக்கியது, ஆனால் பொறுக்குவதற்கு முன்பே பாதியைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. கலவையைத் திருத்தி எழுதியவர்களின் வேலைக்கு மேடையில் இடமில்லை, மறுசுழற்சிக் கணக்கிலும் இடமில்லை. சேமித்ததை எந்த லாரியில் ஏற்றிப் படம் பிடிப்பது?

அப்படியானால் டிரம்மைக் குழியில் கொட்டிவிடலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு கிராம்கூடக் கொட்டக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்குச் சுரங்கக் கணக்கு உதவாது. சுரங்கக்காரர் டன் கணக்கில் பேசுவார். 1,500 கோடித் திட்டமும் ஆண்டுக்கு 2.7 லட்சம் டன் மறுசுழற்சித் திறன், 40,000 டன் கனிமம் என்று இரண்டு எண்களைத்தான் முன்னே வைக்கிறது. அதில் எத்தனை டன் பழம்பொருளிலிருந்து, எத்தனை டன் நேற்றைய சேதாரத்திலிருந்து என்று பிரித்துச் சொல்லும் மூன்றாவது எண் வேண்டும். அதைக் கேட்பது குறை சொல்வதாகாது. தராசில் இரண்டு தட்டு இருக்க வேண்டும் என்று கேட்பதுதான்.

இனி எழப்போகும் காந்த ஆலைகளுக்கு இந்தக் கேள்வியைச் செங்கல் வைக்கும் முன்பே கேட்க முடியும். பெரிய கட்டியை வார்த்து வெட்டப் போகிறீர்களா, இறுதி வடிவுக்கு நெருக்கமாக அழுத்தப் போகிறீர்களா? வெட்டுக் கம்பியின் தடிமன் என்ன? ஒவ்வொரு வகைக் காந்தத்துக்கும் தனித் தொட்டியா, எல்லாத் தூளும் ஒரே வாய்க்காலா? காய்ந்து காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய அந்த ஈரத்தூளை எங்கே, எத்தனை நாள் வைப்பீர்கள்? டிஸ்ப்ரோசியம் கலந்ததும் கலக்காததும் டிரம்மின் மேல் எழுதியிருக்குமா? 7,280 கோடியில் ஒரு பங்கைக் கேட்டு வருகிறவர், ஒரு கிலோ காந்தத்துக்கு எத்தனை கிராம் தூள் விழுந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதிக் கொடுக்கட்டும். அந்த எண் போன ஆண்டைவிடக் குறைந்திருந்தால் அடுத்த தவணையைக் கொடுக்கலாம். கூடியிருந்தால், மறுசுழற்சி விகிதம் தொண்ணூறு என்று அவர் நீட்டும் சான்றிதழை அப்படியே மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.